வாடை நின்ற பிறகு

பரணிதரன் டிரம்பெட்டைச் சாய்த்து, அடியிலிருந்த சின்ன மூடியை அழுத்தி, உள்ளே தேங்கியிருந்த எச்சில் தண்ணீரைத் தரையில் வடித்தான். ஊதுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் விழுந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. அதில் குட்டைக் குட்டையாக நாலைந்து முடிகள்.

பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்ற ஷர்மிளா அதைப் பார்த்தாள். மாட்டு முடி. தோல் தொழிற்சாலை லேபில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அதில் சந்தேகம் வருமா?

"இன்னா தம்பி இது?"

"பழைய டிரம்பெட் இல்லக்கா, உள்ள அழுக்கு ஜாஸ்தி," என்று ஷூவால் தேய்த்துவிட்டான். குடியாத்தத்தில் கல்யாண பேண்டில் வாசிக்கிறவன். ஆலயத்தின் கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்காக இந்த ஒரு சாயங்காலம் ஆம்பூருக்கு வந்திருந்தான்.

டிரம்பெட் துரைசாமியுடையது. இருபது கிறிஸ்துமஸுக்கு இதே ஆலயத்தில் அதை வாசித்தவர், ஆகஸ்ட் மாதம் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டிக்குள் அடைப்பெடுக்க இறங்கி, பிணமாகத்தான் மேலே வந்தார். ஆள் இறங்குவதற்கு முன் உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று மீட்டர் விட்டுப் பார்ப்பது ஷர்மிளாவின் வேலை. அன்றைக்கு மீட்டரில் சார்ஜ் இல்லை. பார்க்காமலே, வாயு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போலீஸ் கேட்டபோது பார்த்தேன் என்றாள். துரைசாமியின் மனைவி ராஜம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மெய்யாலுமே பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

டிரம்பெட்டைக் கொண்டுவந்து கொடுத்தது ராஜம்மாள்தான். இப்போது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்கு ஆர்கன் தொடங்கியது. தரைக்கடியில் இருந்த அறையில் மோட்டார் உறுமி, அங்கிருந்து காற்றை இழுத்து, சுவரை அடைத்து நின்ற உயரமான குழல்களுக்குள் தள்ள, மெழுகுவர்த்தியும் மல்லிகையும் புதுத்துணியும் கலந்து மணத்துக்கொண்டிருந்த ஆலயத்துக்குள், முதல் பாட்டின் இரண்டாம் அடியிலேயே, மெல்ல, யாரோ பக்கத்தில் வந்து மூச்சு விட்டதைப்போல, அழுகின முட்டை வாடை வந்தது.

பக்கத்தில் நின்ற சம்பூர்ணம் முகத்தைச் சுளித்தாள். "பாலாத்துக் காத்து. பேஜாருடி. கதவச் சாத்தச் சொல்லு."

தோல் கழிவு ஓடுகிற பாலாற்றங்கரையில், வாடைக்கெல்லாம் எழுந்து ஓடுகிற ஊரா இது? வாசலில் நின்றவர்கள் வழக்கம்போலக் கதவுகளைச் சாத்தினார்கள். ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டார்கள்.

வாடை கூடியது. வெளியிலிருந்து வரவில்லை. குழல்களிலிருந்து வந்தது. டிரம்பெட் உச்சிக்கு ஏறும்போதெல்லாம் இன்னும் அடர்த்தியாக வந்து தொண்டையைக் கவ்வியது. ஷர்மிளா குழல்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது வயது மகள் பெர்சிஸ், கடைசிப் பாட்டைத் தனியாகப் பாடப்போகிறவள், கையில் மெழுகுவர்த்தியோடு பெரிய குழலை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

வாடை அடிக்கிறவரை தப்பிக்க வழி உண்டு. தொட்டி வாயு மிஞ்சிப்போனால் முதலில் சாவது மூக்குதான், அப்புறம் வாடையே தெரியாது. ஷர்மிளாவுக்கு அது தெரியும். தொட்டிக்குள்ளிருந்து துரைசாமி கடைசியாகச் சொன்னது அவள் காதைவிட்டு இன்னும் போகவில்லை: "வாடை நின்னுடுச்சி, மேடம்." அவளும், "சரி, சீக்கிரம் முடிங்க," என்றிருந்தாள்.

கத்த வேண்டும். கேஸ், கதவைத் திறங்க என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தாள். முதல் பெஞ்சிலிருந்து ராஜம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மீட்டர் இல்லாமலே தெரிகிறதே, அன்றைக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டால்? இத்தனை பேர் நடுவில் கேட்டால்?

இந்தப் பாட்டு முடியட்டும் என்று நினைத்தாள். திறந்த வாயால் பாடினாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் பாடினாள்.

பாட்டின் நடுவில் சம்பூர்ணம் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. வலப்பக்கம் ஒரு குரல் குறைந்தது. பிறகு இன்னொன்று. ஆர்கன் வாசித்தவரின் நெற்றி கட்டைகள்மேல் கிடந்தது, ஆர்கன் நிற்கவில்லை. பெஞ்சுகளில் தலைகள் தோள்களில் சாய்ந்திருந்தன. பரணிதரன் சுவரோரம் சரிந்து கிடந்தான். டிரம்பெட் அவன் மடியில். ஆனாலும் டிரம்பெட் கேட்டது. துரைசாமி வாசிக்கிற மாதிரியே.

ராஜம்மாள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இமைக்கவில்லை.

மல்லிகை மணம் இல்லை. மெழுகு மணம் இல்லை. எந்த வாடையும் இல்லை.

"பெர்சிஸ்!"

குரல் வெளியே வரவில்லை. கால் நகரவில்லை. கொக்கி போட்ட ஜன்னல் கையெட்டும் தூரத்தில்தான். கை எழவில்லை.

பெர்சிஸ் திரும்பினாள். மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. கடைவாயிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்து வெள்ளை கவுனில் சொட்டியது. அதில் குட்டைக் குட்டையாக முடிகள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாடை நின்னுடுச்சி, மேடம்."