பவளத்தின் கதவு விளக்கு

மருதாசலம் காப்பித் தம்ளருடன் மனைவியின் அறைக்கு முன்னால் வந்து நின்றான். ஆள் நிற்பதை உணர்ந்து கதவிலிருந்த மனவிளக்கு விழித்துக்கொண்டது. உள்ளங்கை அகலப் பலகை, அதில் அறுபத்து நான்கு எல்.இ.டி. புள்ளிகள். அவை இன்றும் மங்கலாகவே எரிந்தன. தம்ளரைக் கதவோரத்து முக்காலியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினான்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கதவைத் தட்டுகிற பழக்கம் ஒழிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கும் கைப்பட்டை நாடியைப் பார்த்து மனத்தை அளக்கும். விளக்கு அதை வெளியே காட்டும். பளிச்சென்று எரிந்தால் உள்ளே போகலாம், பேசலாம். மங்கியிருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது, கட்டிய பெண்டாட்டியாகவே இருந்தாலும் சரி. மீறித் தட்டினால் அது சட்டப்படி குற்றம். "மனசு சரியில்லையா?" என்று வாய்விட்டுக் கேட்பதோ, அடுத்தவர் சட்டைப்பையில் கை விடுவதைப் போன்ற அநாகரிகம். யாரும் யாரையும் இம்சிக்காத காலம். குறை சொல்லக்கூடாது, எத்தனையோ சண்டைகள் அதனால் குறைந்தன.

ஆனால் பவளத்தின் விளக்கு இரண்டு மாதமாக மங்கியே கிடந்தது. சாப்பிடும்போது இருவரும் உப்பு, புளியைப் பற்றிப் பேசினார்கள்; அதற்கு மேல் அவன் துணியவில்லை. அந்த வருத்தத்தில் அவன் அறைக் கதவின் விளக்கும் மங்கிப்போனது. நேற்று அவள் சாதாரணமாகச் சொன்னாள், "அந்தமான்ல கடல் ஆய்வு நிலையத்துக்குக் கூப்புடறாங்க. ரெண்டு வருசம். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பதில் சொல்லோணும்." அவனும் நாகரிகமாக, "உனக்குப் புடிச்சிருந்தா போயிட்டு வா" என்றான். போகாதே என்று சொல்ல ஆசைதான். மங்கிய விளக்கைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வான்?

அப்படித் திரும்பி நடந்தவனை உள்ளேயிருந்து வந்த கொலுசுச் சத்தம் நிறுத்தியது. பவளம் கதவு வரை வந்தாள், நின்றாள், மறுபடி திரும்பிப் போனாள். யாரும் வேண்டாம் என்றிருப்பவள் எதற்குக் கதவுவரை வருவாள்? மருதாசலம் தண்ணீர் வாரியத்தில் கணினி நிரல் எழுதுகிறவன். அவனுக்கு முதல்முறையாக விளக்கின் மேலேயே சந்தேகம் வந்தது.

திருகாணிகளைக் கழற்றி விளக்கைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தான். ஒயரை மாற்றினான். வேறு மின்கலம் போட்டான். ஊகூம். கடைசியில் கணினியில் இணைத்து, உள்ளே என்ன எண் வருகிறது என்று திரையில் காட்டும்படி பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி சேர்த்தான். கைப்பட்டையிலிருந்து வந்த ஒளியளவு நூற்றுக்குத் தொண்ணூறு. விளக்கோ ஐந்திலேயே நின்றது.

"ஏனுங்க, என்ற கதவுல வெளக்கக் காணோமுங்களே?" பவளம் வந்து நின்றாள்.

"ரிப்பேரு. இங்க பாரு, கைப்பட்டை தொண்ணூறுங்குது. வெளக்கு கேக்கமாட்டேங்குது."

தன் மனம் எண்ணாகத் திரையில் நிற்பதைக் கண்டு அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கைப்பட்டையைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். "தொண்ணூறு இருந்தா அப்புறம் எதுக்குங்க தெனமும் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறீங்க?"

"மங்கலா இருந்துச்சே."

"என்னைக்கு?"

"ரெண்டு மாசமா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிரலின் வரிகளில் விரலை ஓட்டினாள். "மொதல்ல ஒளியளவு அஞ்சுன்னு வெக்கறாங்க. உடனே 'காட்டு'ன்னு சொல்றாங்க. அதுக்குக் கீழதான் என்ற எண்ணைக் குடுக்கறாங்க. மறுபடி காட்டச் சொல்லவே இல்லீங்களே. எண்ணு உள்ளயே கெடக்குது. எந்தப் புண்ணியவான் எழுதுனதுங்க இது?"

மருதாசலத்தின் காது சூடானது. "நாந்தான். ரெண்டு மாசத்துக்கு முந்தி உனக்கு ஒத்தத் தலவலி வந்தப்ப, கதவுக் கண்ணாடி வழியா வெளிச்சம் கண்ணக் கூசுதுன்னு சொன்னீல்ல. முழிக்கறப்ப மட்டும் கொறச்சு வெக்கலாம்னு எழுதுனேன். அவசரத்துல வரிசை மாறிப்போச்சாட்ட இருக்குது."

பவளம் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "பெரிய கெட்டிக்காரருங்க நீங்க. வெளக்குப் பண்ணுனது தப்பு, சரி. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"கேக்கறது மரியாதையில்லையே, அம்முணி."

"ஆமாமுங்க, மரியாதையில்லதான்" என்று எழுந்தாள். "நான் போயி பதில் எழுதறேன்." அறைக்கதவு மூடிக்கொண்டது.

அவன் 'காட்டு' என்ற வரியை வெட்டிக் கீழே ஒட்டினான். அவ்வளவுதான் வேலை. இரண்டு மாத வேதனைக்கு இவ்வளவு சின்ன மருந்து. விளக்கைக் கதவில் மாட்டி, முன்னால் நின்றான்.

விளக்கு விழித்தது. மங்கலாக எரிந்தது.

கைக்கணினியில் எண்ணைப் பார்த்தான். கைப்பட்டையிலிருந்து வந்த எண்ணும் ஐந்து, ஒளியும் ஐந்து. இந்தமுறை பிழை எதுவும் இல்லை. அவள் மனம் உண்மையாகவே அவ்வளவு மங்கியிருந்தது. சட்டப்படி அவன் இப்போது திரும்பிப் போக வேண்டும். கால்களும் பழக்கத்தில் திரும்பப் பார்த்தன. அந்திக்குள் பதில் போய்விடும்.

அவன் கையை மடக்கினான். எப்படி மடக்குவது என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. முதல் தட்டு காற்றில் போனதுபோல் போயிற்று. இரண்டாவது, வீடே அதிர்வதுபோல் விழுந்தது.

உள்ளே விசைப்பலகையின் சத்தம் நின்றது. "வெளக்கு எப்படிங்க எரியுது?"

"மங்கலாத்தான் எரியுது. இப்ப நெசமாவே."

"அப்புறம் எதுக்குங்க தட்டறீங்க?"

"மங்கலா இருக்குதேன்னுதான் தட்டறேன். என்னைய விட்டுட்டுப் போகாத, பவளம். எனக்கு முடியாது. சொல்லலாமோ கூடாதோ, சொல்லிப்போட்டேன்."

பிறகு கொலுசு கதவுவரை வந்தது. இந்தமுறை திரும்பிப் போகவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

"அங்க தர்ற வீடு ரெண்டு பேரு தங்கறதுங்க" என்றாள் பவளம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கூட வர்றீங்களான்னு கேக்கத்தான் நேத்தே வந்தேன். உங்க வெளக்கும் மங்கலா இருந்துச்சு. போயிட்டு வான்னு வேற சொல்லிப்போட்டீங்க."

வருகிறேன் என்று அவன் தலையை ஆட்டினான்.

"காலையில வெச்ச காப்பி எங்கீங்க?"

"இங்கதான் முக்காலியில. ஆறிப்போச்சு. சூடு பண்ணி எடுத்தாரட்டுமா?"

"வேண்டாமுங்க. அதையே குடுங்க" என்று அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். மருதாசலம் தம்ளரை எடுத்துக்கொண்டு, விளக்கைப் பார்க்காமல் உள்ளே போனான்.