இரண்டு மணிக்கு முறை மாறும்

அக்னி நட்சத்திரத்தில் பாலக்கரை மொட்டைமாடிகளில் ஈரத்துணி அரை மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். ரெஜிஸின் படுக்கை விரிப்பு மட்டும் மூன்று நாளாகக் காயவில்லை. அவன் மனைவி அக்னஸ் அதைத் துவைத்துப் பிழிந்து, கொதிக்கிற வெயிலில் போட்டு எடுத்துவந்து விரிப்பாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் போய்ப் படுத்தால், யாரோ அப்போதுதான் எழுந்துபோன மாதிரி வெதுவெதுப்பாக, சொதசொதவென்று இருக்கும். வேர்வைதான் என்றாள் அவள். அவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கடல் உப்பு என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

அந்தச் சூடு அவனுக்குப் பழக்கம்தான். பந்தயப் பாய்மரப் படகில் தெற்குக் கடலைக் கடந்த நாட்களில் அவனுக்கும் சிநேகிதன் பெனடிக்டுக்கும் சேர்த்து ஒரே படுக்கை. நாலு மணி நேரம் ஒருவன் மேல்தளத்தில் காவல், மற்றவன் கீழே தூக்கம். புயலில் படகு ஒருக்களித்தே ஓடியது. கயிறுகள் கிறீச்சிட, டீசல் வாடையும் ஊறிப்போன சாக்ஸ் நாற்றமும் குமட்ட, ஒருவன் விட்டுப்போன சூட்டிலேயே அடுத்தவன் நனைந்த உடுப்போடு சுருண்டுகொள்வான். மற்றவர்கள் தூங்குவதால் குரல் கொடுத்து எழுப்பக்கூடாது. கால் கட்டைவிரலைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுபட்டவன் "வரேன்" என்று சொல்லி மேலே போக வேண்டும். அவன் போகாவிட்டால் அந்தக் காவல் வேறொருவர் தலையில் விழும்.

பயணத்தின் இருபத்திரண்டாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பெனடிக்ட் இழுத்தான். இரண்டு தடவை. ரெஜிஸ் விழித்துத்தான் இருந்தான். மேலே அலை வந்து மோதும் சத்தத்துக்குப் பயந்து கண்ணை இறுக்கிக்கொண்டான். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவனோடு சேர்ந்து நீந்தப் பழகிய சிநேகிதன், அவனுக்குப் பதிலாக மறுபடி மேலே ஏறிப் போனான். பத்து நிமிஷத்தில் ஓர் அலை அவனைக் கொண்டுபோனது. தன்னை யாரும் எழுப்பவே இல்லை என்று ரெஜிஸ் எல்லோரிடமும் சொன்னான், பெனடிக்டின் அம்மாவிடமும்.

இன்றும் மணி இரண்டாகப் போகிறது. கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. பக்கத்தில் அக்னஸ் அயர்ந்து தூங்கினாள். நேற்று காபிக்குக் கூப்பிட்டும் அவன் கண் திறக்காததற்கு அவள் கேலி செய்திருந்தாள்.

"தூங்குறவங்களை எழுப்பலாங்க. தூங்குற மாதிரி நடிக்கிறவங்களை யாராலயும் எழுப்ப முடியாது."

மாடிப்படியில் தண்ணீர் சொட்டியது. வெளியே மழையில்லை. சொட்டு ஒவ்வொரு படியாக இறங்கியது. கதவருகே டீசல் வாடை. கட்டில் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

குளிர்ந்த விரல்கள் அவன் கால் கட்டைவிரலைப் பற்றின. இழுத்தன.

"வரேன்" என்றால் போதும். எழுந்து போனால் போதும். ரெஜிஸ் கண்ணை இறுக்கிக்கொண்டான்.

இன்னோர் இழுப்பு. பிறகு விரல்கள் விட்டுவிட்டன.

ஈரக் காலடிகள் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போயின. அவளை விட்டுவிடு என்று சொல்ல வேண்டும். சொன்னால் விழித்திருப்பது தெரிந்துவிடும். அவன் வாயைத் திறக்கவில்லை.

"வரேங்க," என்றாள் அக்னஸ், தூக்கக் குரலில்.

எழுந்தாள். படியேறினாள். மாடிக்கதவு திறந்தது. காற்றின் ஊளை. அலை உடையும் சத்தம். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அவள் படுத்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில், சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன், அவன் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.