பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்

காரின் புதுப் புகைக்குழாய் உறுமவில்லை. கரமனை ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும் என்று சத்தியநேசன் பெருமையடித்த சைலன்சர், தகரக் கொட்டகைக்குள் நெஞ்சில் சளி கட்டியவனைப் போல அடங்கி இரைந்துகொண்டிருந்தது. சமையலறை ஜன்னலில் நின்று அதைக் கேட்ட அவன் மனைவி ரத்னாபாய்க்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நன்றாக வேண்டும்.

பொன்முடி எஸ்டேட்டில் ஒரு துரை விட்டுப்போன இரண்டு இருக்கைப் பந்தயக் கார் அது. பம்பாயிலிருந்து அதற்கு இந்தக் குழாய் பார்சலில் வருகிறது என்று, அவள் தங்கை கல்யாணத்துக்கே மார்த்தாண்டம் வர மறுத்துவிட்டான். பஸ்ஸில் தனியாகப் போனாள். எல்லோரும் கேட்ட கேள்விக்குத் தனியாகப் பதில் சொன்னாள். வந்து மூன்று நாளாகப் பேச்சில்லை. முதலில் அவன் பேசட்டும்.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தாசம்மாளின் தலை தெரிந்தது.

"ஏட்டி ரத்னா, சத்தத்தையே காணோம். உனக்க மாப்பிள வண்டிக்குப் பால் குடுத்து உறக்கிட்டாரா?"

"அந்தச் சவத்தப் பத்தி எங்கிட்ட கேக்காதீங்க அக்கா. அவரு கெட்டினது அதையாக்கும், என்னையில்ல."

தாசம்மாள் சிரித்தாள். மழை வலுக்கவும் உள்ளே போனாள். சாரலுக்காகச் சத்தியநேசன் கொட்டகை வாசலில் தார்ப்பாயை இறக்கிக் கட்டுவது தெரிந்தது.

மழை தகரத்தில் கொட்ட, மரச்சீனிக் கிழங்கு வேகும் மணத்தோடு எண்ணெய்ப் புகையின் நெடியும் ஜன்னல் வழியே வந்தபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இடவப்பாதி மழைக்காலத்தில் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டும். ஆண்டுதோறும் அதில் துணி அடைப்பது அவள் வேலை. இன்று காலையும், வராந்தாவில் கிடந்த புதுக் குழாயில், கைப்பழக்கமாக, அவனுடைய கிழிந்த லுங்கியைச் சுருட்டித் துடைப்பக் கட்டையால் ஆழமாகக் குத்தி அடைத்திருந்தாள். பார்க்காமலே மாட்டிவிட்டான்.

போய்ச் சொல்லலாம்.

முடியாது. அவன் பேசட்டும்.

மரச்சீனி வெந்தது. வடித்தாள். தாளித்தாள். இஞ்சின் இருமி நின்றது.

"ரத்னா."

கொட்டகையிலிருந்துதான் குரல். கரண்டி கையிலேயே நின்றது.

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு எடுத்துத் தா, பிள்ளே. ஜாயிண்டு வழியாப் புகை வருது."

அவன்தான் முதலில் பேசினான். மூன்று நாள் கோபம் பாதி இறங்கிவிட்டது. பின்வாசல் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, தலையில் முந்தானையைப் போட்டபடி ஓடித் தார்ப்பாயைத் தூக்கினாள். புகை கண்ணில் எரிந்தது. கருகிய துணி வாசனை. காருக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது, முழங்கை வரை கிரீஸ்.

குனிந்து கொடுத்தாள்.

"இஞ்ச பாருங்க, குழாய்க்குள்ள துணி இருக்கு. நாந்தான் வச்சேன்."

"தெரியும்."

விரல்கள் அவள் விரலில் பட்டன. மேலே குழாய் சூட்டில் சடசடத்தது. கை ஆற்றுக்கல்லாகக் குளிர்ந்திருந்தது.

நிமிர்ந்தாள்.

புகை விலகியது. ஓட்டும் இருக்கையில் சத்தியநேசன். ஸ்டியரிங்கில் சாய்ந்த தலை. குளிப்பாட்டிய குழந்தையின் கன்னம் போலச் சிவந்த கன்னம். திறந்த கண். இமைக்கவில்லை.

அடியில் நட்டு இறுகியது.

கிர்ர்.

கிர்ர்.

நின்றது.

கை மறுபடி வெளியே வந்தது. அவள் கால்விரல் வரை வந்தது. அதில் ஸ்பேனர் இல்லை. லுங்கி. சுருட்டியபடியே, கரியோடு, இன்னும் புகைந்துகொண்டு.

அவள் வாங்கிக்கொள்ளும்வரை அது நீட்டியபடியே இருந்தது.