தம்பி சொன்ன கொலைகாரன்

"ஒரு வாரமா பாக்கறேன்... அதே பக்கம்தான். படிக்கறீங்களா, இல்ல புத்தகத்துக்குக் காவல் காக்கறீங்களா?"

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நூலகத்தின் ஜன்னலோர மேஜை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியின் நீலச் சட்டையில் ஒருவன்... கோபமாகத்தான் கேட்டான். ஆனால் அவன் கண்கள் அவளைவிட அதிகமாகப் புத்தகத்தைத்தான் ஏக்கத்தோடு பார்த்தன.

"இது... ஸ்கூல் பசங்க படிக்கிற புத்தகம்," என்றாள், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"நீங்களும் ஸ்கூல் போற மாதிரி தெரியலையே! முதல் பாகத்தை முடிச்சு ஒரு வருஷமாச்சுங்க. அந்த விடுதிப் பொண்ணைக் கொன்னது யாருன்னு தெரியாம மண்டை காயுது. புதுப் புத்தகம், வீட்டுக்குத் தர மாட்டேங்கிறாங்க. இங்க வந்தா நீங்க அடைகாத்துக்கிட்டு இருக்கீங்க!"

இரண்டாம் பாகத்தை மூடி அவன் பக்கம் தள்ளினாள். அந்தப் பெரிய விழிகள் நிறைந்திருந்ததை அவன் பார்த்துவிட்டான். குடையைக்கூட விரிக்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

ஆசைப்பட்ட புத்தகம் கைக்கு வந்தும் மனசு ஒட்டவில்லை. அன்று கதவடைக்கும்வரை படித்து, மறுநாள் மாலை வந்து மிச்சத்தை முடித்தான். அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும்...

"அவ இனிமே வருவாளோ என்னவோ," என்றார் நூலகர் அக்கா. "முதல் பாகத்தை அவளும் அவ தம்பியும் ஒண்ணா உக்காந்து படிச்சாங்கப்பா. ஒரே புத்தகத்துல ரெண்டு தலை. சத்தம் போட்டுச் சிரிப்பாங்க, நான்தான் அதட்டுவேன். அடுத்தது வர்றதுக்குள்ள அந்தப் பையன் காய்ச்சல்ல போயிட்டான். பதினாறு வயசு..."

அவனுக்கு யாரோ அறைந்ததுபோல் இருந்தது. காவல் காக்கறீங்களான்னு கேட்டேனே... நாக்கா இது?

அக்காவிடமே விசாரித்துக்கொண்டு, மறுநாள் காலை அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தான்.

"என்ன டெஸ்ட் சார்?" என்று கேட்டபடி நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"எது ரொம்ப வலிக்குமோ அது..."

"டாக்டர் சீட்டு இல்லாம இங்க யாரையும் குத்த மாட்டோம்." அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்புங்க. தெரியாமப் பேசிட்டேன்னு சொல்லித் தப்பிச்சுக்கவும் முடியலை."

"பரிதாபப்பட்டு வந்தீங்களா? நிறைய பேர் பட்டாச்சு. எனக்கு வேண்டாம், கிளம்புங்க."

"பரிதாபம் இல்லைங்க. அந்த மேஜையில உங்களைக் காணோம்னா... எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

'என்ன துணிச்சல் இவனுக்கு!' என்று நினைத்தாள். ஆனாலும் கதவைக் காட்ட மனம் வரவில்லை. வெகுநேரம் ஊசிகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"முடிச்சிட்டீங்களா?" நிமிராமலே கேட்டாள். "கொன்னது அந்த நீச்சல் மாஸ்டர்தானே? தம்பி அடிச்சுச் சொன்னான். ஆஸ்பத்திரியிலகூட அதே பேச்சுதான். அதான் அந்தப் பக்கத்தை என்னால தாண்ட முடியலை. சரியா இருந்தா, குதிக்கறதுக்கு அவன் இல்லை. தப்பா இருந்தா, வெறுப்பேத்தறதுக்கும் அவன் இல்லை. படிச்சு முடிச்சிட்டா... அவனோட பேச எதுவுமே பாக்கி இருக்காது."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த முகம் மலர்ந்துவிடும். சொல்ல வாய் துடித்தது. ஆனால் இவளிடம் போய்ப் பொய்யா...

"நான் சொல்ல மாட்டேன். நீங்களே படிங்க. பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்."

அன்று மாலை வந்தாள். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அவள் கடைசி அத்தியாயத்துக்குப் போனபோது, தானே அந்தக் கொலையைச் செய்ததுபோல் அவனுக்கு நெஞ்சு படபடத்தது.

புத்தகத்தை மூடினாள். கன்னத்தில் நீர் வழிந்தது. அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பும் வந்துவிட்டது.

"தப்பு! மாஸ்டர் ஒண்ணுமே பண்ணலை, பாவம்..."

"நானும் கடைசிவரைக்கும் அவரைத்தாங்க சந்தேகப்பட்டேன்."

"அவன் இருந்தா ஒத்துக்கவே மாட்டான். எழுதினவங்களுக்குத்தான் கதை தெரியலைம்பான்." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தோத்தா ஒரு மாசம் வீட்டுப் பாத்திரம் பூரா கழுவறேன்னு பந்தயம் கட்டினான். ஏமாத்திட்டுப் போயிட்டான்..."

கைகளால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் கழுவறேன்."

அவள் விரல்களை விலக்கிப் பார்த்தாள். "ஒரு மாசமா?"

"இல்லைங்க..." அவன் புத்தகத்தை மெல்ல ஓரமாக நகர்த்தினான். "உங்களுக்குச் சம்மதம்னா... ஆயுசுக்கும்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நானே சொல்றேன்," என்றாள்.