சிவக்காத கிண்ணங்கள்

மனித குலம் பல்லை இழக்கும் யுகம் முடிந்துவிட்டது என்று, கசன்லக் பல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் பேராசிரியர் வெலிசார் கெர்ஜிகோவ் திங்கட்கிழமை மாலை தொலைக்காட்சியில் அறிவித்தார். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவருடைய ஆய்வுக்கூடத்தில் கிண்ணங்கள் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. புது யுகம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

முதலில் பார்த்தவள் ராலித்சா. முனைவர் பட்டத்துக்காக நாலு வருஷமாக அங்கே உழைப்பவள். பல்லின் வேரை எலும்போடு கட்டிப்போடும் நாரில் ஸ்டெம் செல்கள் உண்டு. அவற்றின் பாட்டுக்கு விட்டால் எலும்பு கட்டும். ஈறு நோய்க் கிருமியின் நஞ்சு பட்டால் கொத்து வேலையை மறந்து கலாட்டாவில் இறங்கிவிடும். இதை நிரூபிக்க அவள் பாதிக் கிண்ணங்களில் நஞ்சு விட்டிருந்தாள், மீதியில் விடவில்லை. சாயம் ஊற்றினால் எலும்புச் சுண்ணாம்பு படிந்த இடம் சிவக்கும். நஞ்சு விடாத கிண்ணங்கள் சிவந்திருக்க வேண்டும். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

 அந்த அறைக்குச் சாவி இரண்டுதான். ஒன்று பேராசிரியரிடம், மற்றது அவள் கழுத்தில்.

பேராசிரியர் கத்தவில்லை. வழக்கம்போல வாயருகே கைக்குட்டையைப் பிடித்தபடி, இது நாசவேலை, அறிவியலின் மேல் நடந்த தாக்குதல் என்று போலீசுக்குப் போன் செய்தார். அவளிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "பட்டம் வேணுமா, ஜெயில் வேணுமான்னு யோசிச்சு வை, பொண்ணு."

இன்ஸ்பெக்டர் போகொமில் ஒரு பொட்டலம் வறுத்த சூரியகாந்தி விதையோடு வந்து, எல்லாருக்கும் கை நிறையக் கொடுத்தார். உதவிப் பேராசிரியர் கலோயன், தொற்று வியாதிக்காரியைப் போல ராலித்சாவை விட்டுத் தள்ளி நின்று மொறுமொறுவென்று கடித்தார். பேராசிரியர் தன் பங்கைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"ராத்திரி பூட்டியிருந்ததா?"

ஆமாம் என்று ராலித்சா, அந்த நாட்டு வழக்கப்படி, தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

"அப்போ நீதான்."

"தெரியலை சார். கை மாறி ஊத்திட்டேனோன்னு எனக்கே பயமா இருக்கு."

நஞ்சு விடாத கிண்ணங்களின் நீர் மாவட்ட மருத்துவமனைக்குப் போய், மத்தியானம் பதில் வந்தது. நஞ்சு சொட்டுக்கூட இல்லை. ராலித்சாவுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. யாரும் எதுவும் கலக்கவில்லை என்றால் நாலு வருஷ வேலையைக் கெடுத்தது அவளுடைய கைதான். கலோயன் இதை வருத்தமான குரலில், ஆனால் சத்தமாகவே சொன்னார்.

இன்ஸ்பெக்டர் செல்களின் பூர்வீகத்தை விசாரித்தார். அத்தனையும் ஒரே பல்லிலிருந்து வந்தவை. பேராசிரியர் தன் கடைவாய்ப் பல்லை ஒரு சீசாவில் கொண்டுவந்து, அரை மணி நேரம் பேசி, அறிவியலுக்குத் தானம் செய்திருந்தார். அந்தச் சீசாவில் 'ஆரோக்கியமானது' என்று சீட்டு ஒட்டினார்கள். பிடுங்கியவர் யாரென்று கேட்டதற்கு, தலைநகர் சோஃபியாவில் ஒரு நண்பர் என்றார் பேராசிரியர். பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

"வளர்ச்சி எப்படி?"

"மத்தவங்க செல்லைவிட ரொம்ப வேகம் சார். அது எங்க வம்சத்து வாகுன்னு புரபஸர் சொல்வார்."

"சரி. ஈறு சீழ்பிடிச்ச ஆளோட பல்லுலேர்ந்து எடுத்திருந்தா?"

 பதில் ராலித்சாவுக்கு மனப்பாடம். பேராசிரியர் கைக்குட்டைக்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் இந்தக் கட்டடத்தில் இடம் இருக்காது. சொல்லாவிட்டாலும் இருக்காது.

"அதுவும் வேகமாத்தான் பெருகும் சார்," என்றாள். "எலும்பு மட்டும் சரியா கட்டாது. பட்ட வீக்கத்தை அது மறக்கறதில்லை."



"கதவு வழியா யாரும் வரலை," என்றார் போகொமில். "குத்தவாளி மொத நாள்லேர்ந்தே கிண்ணத்துக்குள்ளதான் இருந்திருக்கார். இந்தப் பொண்ணு நஞ்சு விடுறதுக்கு முன்னாடியே கிருமிகிட்ட அடி வாங்கின செல்லுங்க அது. ஆரோக்கியமானதுன்னு சீட்டு ஒட்டினீங்களே, அந்த வாயைத் திறந்து பார்த்தது யாரு?"

நிலையத்தில் இருபது பல் மருத்துவர்கள். தலைவரைப் பார்த்து வாயைத் திற என்று சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. கலோயன் கூரையை ஆராய்ந்தார்.

"விதை கடிக்காத ஆம்பளையை இந்த ஊர்ல நான் பார்த்ததில்ல, புரபஸர். கொஞ்சம் திறங்க."

பல் பார்க்கும் கண்ணாடியை ஓடிப்போய் எடுத்து வந்தவர் கலோயன்தான். அதில் அவர் காட்டிய சுறுசுறுப்பை நாலு வருஷத்தில் யாரும் கண்டதில்லை. பேராசிரியரின் நெற்றி வியர்த்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஊசிக்குப் பயந்த குழந்தையைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். ஈறு இறங்கி வேர்கள் வெளியே தெரிந்தன. மூன்று பற்கள் மூச்சுக்கே ஆடின.

அன்று மாலையே ராலித்சாவின் மேல் இருந்த புகார் வாபஸ் ஆனது. வேறு ஆளுடைய பல்லை வைத்து அவள் முதலிலிருந்து தொடங்கலாம் என்று பேராசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சோஃபியா நண்பர் என்று யாரும் இல்லை. பல்லை எவரும் பிடுங்கவில்லை. பேராசிரியர் அவித்த முட்டையைக் கடித்தபோது அது தானாகக் கழன்று விழுந்தது.