கணு வெட்டாத மூங்கில்

மனித குலத்தின் மிகப் பழைய எதிரியான சாவை, வடமாலபேட்டையில், ஒரு ஜாம் பாட்டிலுக்குள் வைத்துத் தோற்கடித்திருந்தான் தனசேகர்.

"ஒரே ஒரு கணு குடுங்க, போதும்," என்பான், தன் திசு வளர்ப்பு ஆய்வகத்தைப் பார்க்க வருகிறவர்களிடம். "அந்த மூங்கில் இனிமே சாவவே சாவாது. ஒண்ணு பத்தாவும், பத்து ஆயிரமாவும். எல்லாம் அதே மூங்கில். அதே உசிரு."

சொல்லும்போது முகத்தில் சிரிப்பின் நிழல்கூட விழாது. பின்னால் பாட்டில் கழுவிக்கொண்டிருக்கும் அவன் மனைவி ரேகாதான் முணுமுணுப்பாள்: "சாவ ஜெயிச்சவருக்கு சளி மாத்திரை நான் வாங்கியாரணும்."

புதிய தாய்ச்செடி தேடி இருவரும் வெதுருகுப்பம் போனது ஒரு சாதாரண மத்தியானம். ஓடையை ஒட்டிய இடுகாட்டு ஓரத்தில் நின்றது ஒரு மூங்கில் புதர். ஒவ்வொரு கழியும் தொடை கனம். காற்றே இல்லை, இலைகள் மட்டும் அசைந்தன. நிலத்துக்காரன் ஹரிபாபு தூரத்திலேயே நின்றுவிட்டான்.

"அது எங்க அண்ணா பாடை சார்."

அண்ணன் பெயர் நரசிம்மன். வரப்புத் தகராறில் பட்டப்பகலில் மூட்டு மூட்டாக வெட்டிப் போட்டார்கள். பச்சை மூங்கிலில் பாடை கட்டித் தூக்கிவந்தது ஊர். பிணத்தைப் புதைத்ததும் பாடை மூங்கிலின் கணு ஒவ்வொன்றையும் கத்தியால் கீறி, முளையைக் கொன்றுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் செத்தவன் அதில் முளைத்து வருவான் என்பது வழக்கம். அன்றைக்கோ வெட்டினவர்கள் கத்தியோடு இடுகாட்டுக்கே வந்துவிட்டார்கள். தூக்கினவர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

அடுத்த மழைக்குப் பாடை துளிர்த்தது.

"வேணாங்க," என்றாள் ரேகா. "எங்க ஊரு நகரியில எங்க நைனாவ தூக்கினு போன மூங்கிலயே கணு கணுவா கீறிட்டுதான் வந்தாங்க."

"கணுவ கீறினா பேய் போயிடுமா? அப்போ தினம் கணு வெட்டுற எனக்கு இந்த ஜில்லாவே கோயில் கட்டணும்."

வெட்டினான். கணுவிலிருந்து வடிந்த நீர் கையில் வெதுவெதுப்பாகப் பட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டான்.

மற்ற மூங்கில் பாட்டிலுக்குள் கண் திறக்கவே வாரக்கணக்காகும். இது மறுநாளே முளைவிட்டது. கீழே செடிக்கு உணவாக ஊற்றிய ஜெல்லி சிவந்தது. வெட்டுப்பட்ட செடி கசியவிடும் பீனால் என்று தனசேகர் அதற்குப் பெயர் சொன்னான். வளர்ப்பறைக்குள் கறிக்கடை வாசனை அடித்தது. அதற்கும் பீனால்தான் என்றான். வாசனைக்கும் விஞ்ஞானத்தில் ஒரு பெயர் கிடைத்துவிட்டதால் துண்டுகளை மறுபடி வெட்டி, மறுபடி பெருக்கி, அலமாரி முழுக்க நிரப்பினான்.

"எல்லாம் ஒரே பக்கமா சாயுதுங்க," என்றாள் ரேகா ஒருநாள்.

"செடின்னா வெளிச்சத்துப் பக்கம் சாயத்தான் செய்யும்."

"வெளிச்சத்துப் பக்கம் இல்ல. நான் நிக்கிற பக்கம்."

அன்று மத்தியானமே கரண்ட் போனது. வளர்ப்பறைக்கு ஜன்னல் கிடையாது. ரேகா உள்ளே பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்படியே நில்லு, அசையாத," என்று கத்திவிட்டு ஜெனரேட்டரை இழுக்க ஓடினான். அது இருமியது. மறுபடி இருமியது.

உள்ளே ஒரு பாட்டில் உடைந்தது.

பிறகு எல்லாம் சேர்ந்து உடைந்தன.

"ஏங்க..."

அலறல் இல்லை அது. வாய்க்குள் எதுவோ போனபின் மிஞ்சும் சத்தம்.

போனில் டார்ச் அடித்துக்கொண்டு நுழைந்தான். ஊசியாக இருந்த முளைகள் விரல் கனத்தில் நீண்டிருந்தன. ஒன்று ரேகாவின் உள்ளங்கையைத் துளைத்து அவளை அலமாரியோடு தைத்திருந்தது. ஒன்று கணுக்காலில் நுழைந்து, தோலுக்கடியில், மெதுவாக, மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு பச்சை நுனி எட்டிப் பார்த்தது. தரையெல்லாம் கண்ணாடி, ஜெல்லி, ரத்தம்.

பிடித்து இழுத்தான். உடைத்தான். உடைத்த இடத்தில் இரண்டாக முளைத்தது.

"கணு," என்றாள் ரேகா, வாய் நிறைய ரத்தத்தோடு. "கணுவ..."

பிளேடை எடுத்துக் கண்ணுக்குத் தெரிந்த முதல் கணுவைக் கீறினான். இருட்டுக்குள் ஓர் ஆண் முனகினான்.

அடுத்ததைக் கீறினான்.

மறுபடி முனகல், இந்த முறை காதருகில்.

தன் விரலா மூங்கிலா என்று பார்க்காமல் கீறினான். ரேகாவின் கை அலமாரியிலிருந்து விடுபட்டது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டர் நீரஜா, "கண்ணாடின்னீங்க, உள்ள எல்லாம் குச்சியா இருக்கே," என்றார். "மொத்தமும் எடுத்தாச்சு."

"அந்தக் குச்சியெல்லாம் எனக்கு வேணும் மேடம்."

அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினார். கட்டிடத்தின் பின்னால், பைக் நிறுத்துமிடத்தில் குந்திக்கொண்டு, தனசேகர் கணு கணுவாகக் கீறினான். வாட்ச்மேன் என்னவென்று கேட்டான். இந்த முறை பீனால் என்று சொல்லவில்லை. கீறியதையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வார்டுக்கு வந்தான்.

ரேகா விழித்திருந்தாள். கட்டுப்போடாத கையைப் போர்வைக்கு வெளியே வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரல் மூட்டிலும் தோல் வளையமாகத் தடித்து, நடுவில் அரிசிமுனை அளவு பச்சை.

தனசேகர் திரையை இழுத்து மூடினான். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தான். அவள் கண்களை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். சுண்டுவிரலைப் பிடித்தான்.

ரேகாவின் வாய் திறந்தது. வந்தது அவள் குரல் இல்லை, இருட்டில் முனகிய ஆணின் குரல்.

"முட்டில ஆரம்பி தம்பி. அவனுங்களும் அங்கதான் ஆரம்பிச்சானுங்க."