வேக்கம் மீட்டரின் முள்

இஞ்சினை நிறுத்திக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. சாவி ஜெயபாண்டியின் வேட்டி மடிப்பில் இருந்தது. ஆனாலும் மீட்டரின் முள் அசைந்தது.

பரளச்சி வெயிலில் கார் கொட்டகையின் தகரக் கூரை டப்டப்பென்று வெடிக்கும் உச்சிப் பொழுதில், பெட்ரோல் வாடையும் மூட்டைகளில் கிடந்த மிளகாய் வத்தலின் நெடியும் மூக்கை அடைக்க, அவர் பழைய அம்பாசடரின் திறந்த பானெட்டுக்குள் குனிந்து நின்றார். இஞ்சின் காற்றை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்று காட்டும் வேக்கம் மீட்டரை மகன் வாங்கி அனுப்பியிருந்தான். மாட்டுவதற்கு மெக்கானிக் சோணைமுத்துவையும் அவனே போனில் பேசி வரச்சொல்லிவிட்டான். இவரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

"இஞ்சினு கல்லு மாதிரி இருக்குய்யா. காத்துக் கசிவே இல்ல," என்றான் சோணைமுத்து. "அன்னைக்கு மட்டும் ஏன் நின்னு நின்னு போச்சு?"

ஏழு வருஷத்துக்கு முன், தன் மனைவி மாரிக்கனி மூச்சுத் திணறிக் கிடக்கிறாள், அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கார் வேண்டும் என்று சோணைமுத்து ஜெயபாண்டியிடம் ஓடி வந்தான். அப்போது தன் காட்டில் கூலி வேலை பார்த்தவனின் பெண்டாட்டியைக் காரில் ஏற்றினால் சொந்தபந்தம் சிரிக்கும் என்று, அவர் முன்னாடியே கொட்டகைக்குள் போய்க் காற்றுக்குழாயைப் பிடுங்கிவிட்டு, இவன் கண்ணெதிரே சாவியைத் திருகினார். வண்டி இருமி நின்றது. "பாத்தியா, ஓடலப்பா," என்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசும்.

முள் ஏறியது. இறங்கியது. இஞ்சினுக்குள் மெல்லிய விசில் சத்தம். நெஞ்சில் சளி கட்டியவர்கள் இழுப்பது மாதிரி.

"அந்தக் குழாயக் கழட்டுங்கய்யா."

எதை என்று அவன் சொல்லவில்லை. ஜெயபாண்டியின் கை தேடாமல் நேரே அங்கே போனது. அதை அவன் பார்த்தான்.

குழாய் கழன்றது. இழுப்பு பெரிதானது. துளையிலிருந்து சூடான காற்று. நெஞ்சுச் சளிக்குத் தேய்க்கும் தைல வாடை. சத்தத்தை அடைக்கக் கட்டைவிரலை வைத்து அமுக்கினார்.

உள்ளே உதடுகள்.

ஈரமான உதடுகள். விரலைப் பற்றின. உறிஞ்சின.

இழுத்தார். வரவில்லை. கத்தலாம். வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் என்னவென்று சொல்லிக் கத்துவது? அப்போதும் வெட்கமாகத்தான் இருந்தது.

சோணைமுத்து துளையருகே குனிந்தான்.

"பதறாம மூச்சு விடு புள்ள," என்றான். "அய்யா வண்டி எடுக்கப் போறாக."

விரல் இன்னொரு கணு உள்ளே போனது.